1968 'ரோமியோ ஜூலியட்' படத்தை வைத்துத் திடலில் நாடகம் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தருமபுரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் நீங்கள். பென்னாகரம் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டைத் தமிழில், ஊர்த் திடலில், 90 நிமிடத்தில் போடப் போகிறீர்கள். ஃபிராங்கோ செஃபிரெல்லி எடுத்த 1968 படத்தைப் பார்த்து எல்லோரும் அழுதிருக்கிறீர்கள். நாடகம் நீளம், படம் ஏற்கனவே சுருக்கிக் கொடுத்திருக்கிறது, எனவே படத்தின் வசனத்தையே தமிழாக்கி மேடையேற்றினால் என்ன என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. படத்தில் எது அழவைத்தது, அது திடலுக்கு வருமா என்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்வி தானே தீர்ந்துவிடும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். நாடகம் ஏறத்தாழ 3000 வரி. படம் 138 நிமிடம் ஓடுகிறது. அதில் நம் காதில் விழுவது மூல வரிகளில் பாதிக்கும் குறைவு. செஃபிரெல்லி மேடை தெரியாமல் வெட்டியவர் அல்லர். 1960இல் இதே நாடகத்தை லண்டன் ஓல்டு விக் அரங்கில் இயக்கியவர். அதில் ஜூலியட் ஜூடி டென்ச். எட்டு ஆண்டு கழித்துக் கேமரா கையில் கிடைத்தபோது, எந்தச் சொல்லை முகம் சொல்லிவிடுமோ அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். அதற்கு ஏற்ற முகங்களையும் தேடிப் பிடித்தார். 1936இல் ஜார்ஜ் குக்கோர் எடுத்த படத்தில் ஜூலியட்டாக நடித்த நார்மா ஷியரர் முப்பதைத் தாண்டியவர், ரோமியோவாக நடித்த லெஸ்லி ஹோவர்டு நாற்பதைத் தாண்டியவர். செஃபிரெல்லியின் ஒலிவியா ஹஸ்ஸியும் லெனார்டு வைட்டிங்கும் படப்பிடிப்பின்போது பதினெட்டைத் தொடாதவர்கள். நாடகத்தில் ஜூலியட்டுக்குப் பதினான்குகூட முடியவில்லை. அந்த வயதின் அவசரம் முகத்திலேயே இருந்ததால் வசனம் குறைந்தது உறுத்தவில்லை. ஒளிப்பதிவுக்கும் உடைக்கும் ஆஸ்கர் கிடைத்ததும் தற்செயல் இல்லை. வெட்டிய வரிகளின் வேலையைச் செய்தவை ஒளியும் துணியும் நினோ ரோட்டாவின் இசையும்தான்.

இப்போது உங்கள் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக் குழந்தைகளைத் தவிர, பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 40 அடிக்கு அப்பால் இருப்பார்கள். அந்தத் தூரத்தில் கண் கலங்குவது தெரியாது, உதடு துடிப்பது தெரியாது. கை உயர்வது, உடல் திரும்புவது, குரல் மாறுவது, இவை மட்டும்தான் போய்ச் சேரும். படத்தின் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது எலும்புக்கூடு. அதனால் என் யோசனை: படத்தைத் தலைகீழாகப் படியுங்கள். நாடகப் பிரதியை ஒரு கையிலும் பேனாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள், படம் விட்ட இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். உங்கள் மேடைக்கு முதலில் வேண்டியவை அந்தக் கோடு போட்ட இடங்களில்தான் இருக்கும்.

மிகப் பெரிய உதாரணம், செத்ததுபோல் கிடக்கச் செய்யும் மருந்தை ஜூலியட் குடிக்கும் காட்சி. படத்தில் அன்பே எனக்கு வலுக் கொடு என்ற பொருளில் ஒரே வரி சொல்லிவிட்டுக் குடித்துவிடுகிறாள். நாடகத்தில், நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியில், அது 40 வரிக்கு மேல். அந்த வரிகள் போகும் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில், மருந்து வேலை செய்யாவிட்டால்? நாளை வேறொருவனோடு கல்யாணம். கத்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். அடுத்து, ரோமியோவுக்கு ஏற்கனவே ரகசியமாகக் கட்டி வைத்தது வெளியே தெரிந்துவிடும் என்று, மருந்து கொடுத்த சாமியார் உண்மையிலேயே விஷம் கொடுத்திருந்தால்? பிறகு, ரோமியோ வருமுன் கண் விழித்து, மூடிய கல்லறையில் மூச்சு முட்டினால்? மூச்சு முட்டாமல் உயிரோடிருந்தாலும், பாட்டன் பூட்டன் எலும்புகளுக்கு நடுவே, ரோமியோ கையால் செத்து நேற்றுப் புதைத்த உறவுக்காரன் டைபால்ட் அழுகிக் கிடக்கும் இடத்தில், பித்துப் பிடித்துவிட்டால்? கடைசியில் டைபால்ட்டின் ஆவி ரோமியோவைத் தேடி வருவதையே கண்ணால் பார்த்துவிடுகிறாள். அவனைத் தடுக்கப் போவதுபோல, ரோமியோ உனக்காக என்று சொல்லிக் குடிக்கிறாள். ஒரு சந்தேகம் அடுத்த சந்தேகத்தைப் பெற்றுக்கொண்டே போகிறது. கூத்தில் விருத்தம் பாடப் பழகிய ஒருவருக்கு இது அல்வா மாதிரியான காட்சி. நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு விருத்தம், நடுவில் ஆர்மோனியம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கட்டும், மத்தளம் வேண்டாம். குடித்த பிறகுதான் ஒரே ஒரு தட்டு.

அடுத்தது கடிதம். ஜூலியட் செத்ததுபோல் 42 மணி நேரம் கிடப்பாள், வந்து அழைத்துப் போ என்ற செய்தி ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை? படத்தில் கழுதையில் போகும் துறவியை, குதிரையில் போகும் வேலைக்காரன் பால்தசார் முந்திப் போய்விடுகிறான். கண்ணுக்கு அழகான காட்சி, ஆனால் திடலில் குதிரையும் கழுதையும் கிடையாது. நாடகத்தில் காரணம் வேறு. கடிதம் கொண்டுபோன துறவி, கொள்ளைநோய் இருந்த வீட்டுக்குள் இருந்துவிட்டார் என்ற சந்தேகத்தில் ஊர்க் காவலர்கள் கதவை வெளியிலிருந்து அடைத்துவிட்டார்கள். 2020இல் தகரம் அடித்து அடைத்த தெருக்களைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு கதவு, உள்ளேயிருந்து தட்டும் ஓசை, "லெட்டர் ஒண்ணு அவசரமா குடுக்கணும்ங்க" என்ற குரல், வெளியே யாரும் நிற்காத மேடை. ஒன்றரை நிமிடம் போதும். நாடகத்தில் இது நடந்து முடிந்த செய்தியாகத்தான் சொல்லப்படுகிறது. நீங்கள் காட்சியாகவே போடலாம், கதைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

விஷம் விற்பவன் படத்தில் இல்லவே இல்லை. ரோமியோ கையில் புட்டி எங்கிருந்து வந்தது என்று படம் சொல்வதில்லை. நாடகத்தில் அவன் மாந்துவா ஊரின் பஞ்சப்பட்ட மருந்துக்கடைக்காரன். விற்றால் மரண தண்டனை. 40 டக்கட் பொற்காசைக் காட்டியதும், சம்மதிப்பது என் வறுமைதான், என் மனசு இல்லை என்கிறான். இரண்டு நிமிடக் காட்சி. இதை விடாதீர்கள். கல்லறை வாசலில் ரோமியோ கையால், ஜூலியட்டுக்கு வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸ் சாவதையும் படம் விட்டிருக்கிறது; அதை நீங்களும் விடலாம். 90 நிமிடத்தில் கடைசி நேரத்தில் மூன்றாவது பிணம் விழுந்தால் கவனம் சிதறும். இறுதியில் சாமியார் நடந்ததையெல்லாம் திரும்பச் சொல்லும் நீண்ட வாக்குமூலத்தையும் படம் வெட்டியது சரி. ஜனங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

நீளத்தைப் பற்றிக் கணக்காகச் சொல்கிறேன். திறந்தவெளியில் பின்வரிசைக்குக் கேட்கும்படி தமிழ் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்து, சண்டை, ஊர்வலம், பாட்டு இவற்றுக்கு 25 நிமிடம் போய்விடும். மிச்சம் 65 நிமிடம், அதாவது 6500 சொல். பிரதி அதற்கு மேல் போனால் ஒத்திகையில் யாரும் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், மறுபடி உட்கார்ந்து வெட்டுங்கள். ரோசலின் மேல் ரோமியோவுக்கு இருந்த பழைய மயக்கத்தை நான்கு வரியில் முடிக்கலாம். வேலைக்காரர்களின் சிலேடைகளை முழுதாக விடலாம், தமிழில் அவை உயிரோடு வராது.

மொழிபெயர்க்கும்போது நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் இடறும். அது உறவுமுறை. ஊர் வெரோனா, பேர் ரோமியோ என்றே இருக்கட்டும். அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் 'கசின்' என்ற சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் கிடையாது, ஏதாவது ஒரு முறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூலத்தில் டைபால்ட் யார்? அவன் செத்ததும் ஜூலியட்டின் அம்மா, என் அண்ணன் பிள்ளையே என்ற பொருளில் கதறுகிறாள். அப்படியானால் ஜூலியட்டுக்கு அவன் தாய்மாமன் மகன். நம் திடலில் இதைச் சொன்ன மறுகணம், முறைமாப்பிள்ளை இருக்கும்போது இவர்கள் ஏன் பாரிஸுக்குக் கட்டப் பார்க்கிறார்கள் என்று பின்வரிசைப் பாட்டி கேட்பார். டைபால்ட்டின் கோபத்துக்கும் ஷேக்ஸ்பியர் நினைக்காத ஒரு காரணம் வந்து ஒட்டிக்கொள்ளும். தீர்வு எளிது: அவனைப் பெரியம்மா மகனாக்கிவிடுங்கள். அம்மாவின் கதறல் "எங்க அக்கா மகனே" என்று ஆகும், ஜூலியட் "அண்ணா" என்று அழுவாள்.

இந்தச் சின்ன மாற்றத்தில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் ரோமியோ ரகசியக் கல்யாணம் முடித்துவிட்டு வருகிறான். டைபால்ட் சண்டைக்கு இழுக்கிறான். ரோமியோவுக்கு அவன் இப்போது சொந்தக்காரன், ஆனால் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில், உன் பேர் என் பேர் மாதிரியே எனக்குப் பிரியமானது என்று சுற்றி வளைக்கிறான். தமிழில் ஒரே சொல் போதும்: "வேண்டாம் மச்சான்." சுற்றி நிற்கும் பையன்களுக்கு அது வழக்கமான மச்சான். ரோமியோவுக்கு அது பொண்டாட்டியின் அண்ணன். டைபால்ட்டின் காதில் அது வசவாக விழுகிறது, ஏனென்றால் எதிரி வாயால் மச்சான் என்றால் உன் தங்கையை எடுத்தவன் என்று அர்த்தம். உண்மையும் அதுதான், அவனுக்குத் தெரியாது. கல்யாணத்தைப் பார்த்துவிட்ட ஜனங்களுக்கு மூன்று அர்த்தமும் ஒரே நேரத்தில் கேட்கும். இந்தச் சொல்லை நாடகத்தில் வேறு எந்த இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். ரோமியோவின் தோழர்கள் பென்வோலியோவும் மெர்குஷியோவும் அவனைப் 'பங்காளி' என்றோ பேர் சொல்லியோ கூப்பிடட்டும்.

இரண்டு குடும்பத்துக்குள் என்ன பகை? பலரும் யோசிக்காமல் பங்காளிச் சண்டை என்று எழுதிவிடுகிறார்கள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை, அந்தக் காதலுக்கு நம் ஜனங்கள் கண்ணீர் விட மாட்டார்கள். மாமன் மச்சான் முறையில் கொடுக்கல் வாங்கல் இருந்து எப்போதோ முறிந்துபோன இரண்டு குடும்பங்கள் என்று வைத்தால் சரியாக நிற்கும். இதைச் சாதிப் பகையாக மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பயத்தால் சொல்லவில்லை. காதலுக்காக உயிர் போன செய்திகளை இந்த மாவட்டங்கள் நிறையவே பார்த்திருக்கின்றன, அதைப் பேச வேண்டிய அவசியமும் உண்டு. ஆனால் இந்த நாடகத்தின் முதல் வரியே, மதிப்பில் சமமான இரண்டு குடும்பம் என்கிறது. பகைக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. சாதிக்கு மேல் கீழ் உண்டு. ஒருவர் மிதிக்க இன்னொருவர் மிதிபடும் இடத்தில், இரண்டு பக்கமும் தப்பு என்று முடியும் இந்தக் கதையைப் பொருத்தினால் மிதிபட்டவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதற்குத் தனி நாடகம் எழுத வேண்டும், அதை எழுதுங்கள்.

கூத்துக்காரர்கள் உங்களோடு இருப்பது பெரிய பலம். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஜூலியட்டாக நடித்ததும் பையன்தான். பெண்வேடம் கட்டிப் பழகிய கலைஞர் இருந்தால் ஜூலியட்டை வளர்த்த ஆயா வேடத்தை அவருக்குக் கொடுங்கள். குரலும் நேரக்கணக்கும் அவரிடம் ஏற்கனவே இருக்கும். தொடக்கத்தில் 14 வரி முன்னுரை ஒன்று வருகிறது, இருவரும் சாகப் போகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. படத்தில் ஊர்மேல் பனி படர்ந்திருக்க, லாரன்ஸ் ஒலிவியரின் குரல் அதைச் சொல்கிறது. உங்களுக்கு அது கட்டியங்காரன். அவருக்கே விஷம் விற்பவன் வேடத்தையும், அடைபட்ட துறவி வேடத்தையும் கொடுங்கள். இருவரும் சாவார்கள் என்று முதலில் அறிவித்த அதே ஆள், அவர்களைக் காப்பாற்றும் கடிதத்தோடு கதவுக்குள் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது திடல் அடங்கிவிடும். ஒரே நிபந்தனை, அந்தக் கதவுக் காட்சியில் அவர் ஒரு வரிகூடச் சிரிக்கவைக்கக் கூடாது. இதை முதல் ஒத்திகையிலேயே பேசி முடித்துவிடுங்கள், பழக்கத்தில் நக்கல் வந்துவிடும்.

விருந்துக் காட்சியில் படம் செய்வதைக் கூர்ந்து பாருங்கள். பாடகன் நடுவில் பாடிக்கொண்டிருக்கிறான், எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள், இவர்கள் இருவரும் கூட்டத்துக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள், சட்டென்று ஒரு கை இன்னொரு கையைப் பிடிக்கிறது. அதை அப்படியே செய்தால் 40 அடியில் யார் கை யாருடையது என்று தெரியாது. கூத்துத் திரையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பேர் திரையைத் தோளளவு பிடிக்கட்டும், இவன் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம். இரண்டு கையும் திரைக்கு மேலே, தலைக்கும் உயரமாக எழுந்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேரட்டும். பேச்சு மூலத்தில் 14 வரிச் செய்யுள். அவன் நான்கு, அவள் நான்கு, பிறகு மாறி மாறி. கூத்தின் தர்க்கப் பாட்டுக்கு இது அப்படியே பொருந்தும். ஒரே மெட்டை அவன் எடுக்க, அவள் முடிக்க வேண்டும். 14 வரி முடிந்த பிறகு திரையை இறக்குங்கள். முத்தம் தேவையில்லை, திரை இறங்குவதே அந்த வேலையைச் செய்யும்.

பால்கனி என்று எல்லோரும் சொல்கிறோம், நாடகத்தில் அந்தச் சொல்லே கிடையாது; அவள் மேலே, ஜன்னலில் தோன்றுகிறாள், அவ்வளவுதான். படத்துக்கு இத்தாலியின் ஆர்ட்டேனா ஊரின் அரண்மனைச் சுவர் கிடைத்தது, மரம் ஏறினான். உங்களுக்குப் பந்தல்காரர் கட்டும் சவுக்குச் சாரம் போதும். 6 அடி உயரம், மேல்தளம் 6க்கு 4 அடி, முன்னால் இடுப்பளவு கைப்பிடி, நான்கு பக்கமும் குறுக்குக் கட்டை. காட்சியில் ஒருத்திதான் நிற்பாள், ஆனால் நான்கு பேர் ஏறிக் குதித்துப் பார்த்த பிறகே அவளை ஏற்றுங்கள். உயரத்தை 8 அடி ஆக்கினால் கம்பீரமாக இருக்கும் என்று தோன்றும், வேண்டாம். அவன் கீழிருந்து எக்கிக் கை நீட்ட, அவள் குனிந்து கை நீட்ட, விரலுக்கும் விரலுக்கும் ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும். அந்த ஒரு சாணைத்தான் பின்வரிசையும் பார்க்கும். 6 அடியில் அது தானாக அமையும். ரோமியோ குட்டையானவர் என்றால் ஒரு பெட்டி போடுங்கள்.

கத்திச் சண்டைக்கு இரும்பு வேண்டவே வேண்டாம். 3 அடிப் பிரம்பில் சாயம் பூசினால் போதும். சுற்றுவட்டாரத்தில் சிலம்ப ஆசான் ஒருவரைப் பிடித்து மெர்குஷியோ, டைபால்ட் இருவருக்கும் 12 வீச்சு, பிறகு ரோமியோ, டைபால்ட்டுக்கு 6 வீச்சு என்று எண்ணிக் கட்டுங்கள். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லி இரண்டு வாரம் பாதி வேகத்தில் பழகட்டும். குறி தோளும் தொடையும்தான், முகத்துக்கு நேரே கோல் போகவே கூடாது. அரங்கேறும் இரவில் நடக்கும் தப்பு எப்போதும் ஒன்றுதான்: கூட்டத்தைப் பார்த்ததும் வேகம் கூடும், வேகம் கூடினால் இடைவெளி குறையும், கோல் விரலில் படும். நம் திடலில் சின்னக் குழந்தைகள் மேடையோடு ஒட்டி உட்காருவார்கள். சண்டை வட்டத்துக்கும் அவர்களுக்கும் நடுவே 6 அடி விட்டுக் கயிறு கட்டுங்கள்.

சண்டையில் படத்திலிருந்து ஒன்றை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதலில் எல்லாம் விளையாட்டாகப் போகிறது. ரோமியோ தடுக்க நடுவில் நுழைகிறான், அவன் கைக்கடியில் டைபால்ட்டின் கத்தி மெர்குஷியோமேல் இறங்குகிறது. குத்துப்பட்டது நண்பர்களுக்குத் தெரியவில்லை. அவன் கைக்குட்டையால் காயத்தைப் பொத்திக்கொண்டு கேலி பேசிக்கொண்டே இருக்கிறான், இவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், அவன் விழுந்த பிறகுதான் கைக்குட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள். இது தூரத்துக்கும் தெரியும் செயல், முகத்தை நம்பி நிற்பது அன்று. வெள்ளைத் துணிக்குள் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு, அரை டம்ளர் சோளமாவுக் கஞ்சியில் சிவப்புக் கேசரிப்பொடியும் துளி காபித்தூளும் கலந்து ஊறவைத்தது. சர்க்கரைப் பாகில் செய்தால் எறும்பு மொய்க்கும், கையும் பிசுபிசுக்கும். துணி ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும், கறை போகாது.

விடியற்காலைப் பிரிவு பற்றி. படத்தின் படுக்கையறைக் காட்சியில் இருவரும் ஆடையின்றித் தெரியும் சில நொடிகள் உண்டு. அதற்காக அந்த இரு நடிகர்களும் 2022 இறுதியில் படநிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள், 2023இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கல்லூரியில் திரையிட்டால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். சிறுவயதினரை அப்படி எடுத்தது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். மேடைக்கு அங்கே தேவைப்படுவது பறவைகள்தான். கூவியது நைட்டிங்கேல், இன்னும் இரவுதான் என்கிறாள் அவள். அது வானம்பாடி, விடிந்துவிட்டது என்கிறான் அவன். நைட்டிங்கேல் நம் பக்கம் இல்லை. ஆந்தை என்று போட்டால் அபசகுனம். இப்படி மாற்றிப் பாருங்கள்: "அது குயிலு. நேரங்கெட்ட நேரத்துல கத்தும். இன்னும் விடியல." "குயிலு இல்ல, கரிச்சான். கரிச்சான் கத்திருச்சு." விடியுமுன் கரிச்சான் குரல் கேட்டு எழுந்து காட்டுக்குப் போனவர்கள் உங்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த ஒரு சொல்லே பிரிவு.

கல்லறை அடுத்த சிக்கல். உயிரோடு வைத்து மூடி, பிறகு திறந்து உள்ளே போகும்படியான குடும்பக் கல்லறை நம்மிடம் இல்லை. எரிப்பதாக நினைத்தாலும் கதை நிற்காது, மண்ணில் புதைப்பதாக நினைத்தாலும் நிற்காது. அதனால்தான் வெரோனாவை மாற்ற வேண்டாம் என்றேன். ஆனால் அரங்க அமைப்பை இங்கிருந்து எடுக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளைப் போய்ப் பாருங்கள். நிறுத்திய பலகைக்கற்கள், மேலே மூடுகல், ஒரு பக்கக் கல்லில் வட்டத் துளை. செத்தவர்களுக்கான கல்வீடு என்று யாரும் சொல்லாமலே புரியும். மூங்கில் சட்டத்தில் கோணிச் சாக்கு இழுத்து, காகிதக் கூழ் பூசிச் சாம்பல் வண்ணம் அடியுங்கள். 7 அடி நீளம், 4 அடி உயரம், ஜனங்கள் பக்கம் திறந்திருக்கட்டும். உண்மையான பலகைக்கல் இங்கே சுலபமாகக் கிடைக்கும் என்பதால் ஆசை வரும். சாய்ந்தால் கால் போய்விடும், தொடாதீர்கள்.

கடைசிக் காட்சியில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: ரோமியோ உயிரோடிருக்கும்போதே ஜூலியட் கண் விழிக்கலாமா? இதில் ஷேக்ஸ்பியரின் பிரதி தெளிவு. அவன் செத்து, சாமியார் வந்த பிறகுதான் அவள் விழிக்கிறாள். 1968 படமும் அப்படித்தான். ஆனால் ஷேக்ஸ்பியருக்கு முந்தைய இத்தாலியக் கதைகளில் அவன் சாகுமுன் அவள் விழித்துவிடுகிறாள். 1748இல் நடிகர் டேவிட் கேரிக்கும் லண்டன் மேடையில் அப்படியே மாற்றி எழுதினார், அது நெடுங்காலம் ஓடியது. எனவே எது சரி என்பது பிரதியைப் பொறுத்த கேள்வி இல்லை, ரசனையைப் பொறுத்தது. இங்கே நான் சொல்வது என் கருத்து மட்டும். கூத்தில் இருவருக்கும் தர்க்கப் பாட்டு வைக்கலாமே என்று கலைஞர்கள் கேட்பார்கள், நன்றாகவும் இருக்கும். ஆனாலும் விழிக்க வேண்டாம் என்பேன். கம்பர் மகன் அம்பிகாபதி கதையை நினைத்துப் பாருங்கள். நூறு பாட்டு முடிந்துவிட்டது என்று அமராவதி எட்டிப் பார்க்கிறாள். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள், ஆனது 99தான். ஒரே ஒரு எண் தவறிய அந்த வலி நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'அம்பிகாபதி'யில் காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட் வரிகளைக் குறித்துக் கொடுத்து, வசனகர்த்தா இளங்கோவனைத் தமிழில் எழுதவைத்ததாகச் சொல்லப்படுவதும் இந்த ஒற்றுமையால்தான் இருக்கும். இங்கும் தவறுவது சில நிமிடம். அதைப் பாட்டுப் போட்டு நிரப்பினால் தவறியது தெரியாமல் போய்விடும். ரோமியோ விழுந்த பிறகு 20 எண்ணுங்கள். எந்த வாத்தியமும் வேண்டாம். பிறகு அவள் கை ஒன்று மட்டும், கல்திட்டையின் திறந்த பக்கத்தில் தெரியும்படி, மெல்ல உயரட்டும்.

உரிமை விஷயம் ஒன்று. ஷேக்ஸ்பியரின் நாடகம் பொதுச்சொத்து, யாரும் போடலாம். படத்தின் திரைக்கதையும் நினோ ரோட்டாவின் மெட்டும் அப்படியல்ல. அச்சில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்பும், எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகாவிட்டால், அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. நீங்களே மொழிபெயர்ப்பதுதான் நல்லது. மெட்டுக்குப் பின்பாட்டுக்காரர்களிடம் கேளுங்கள், ஒப்பாரி மெட்டு ஒன்றும் தாலாட்டு மெட்டு ஒன்றும் இருந்தால் முழு நாடகத்துக்கும் போதும்.

திடலைப் பார்க்காமல் மைக்கைப் பற்றிச் சொல்வது கடினம். பொதுவாக, ஆடி, ஆவணிக் காற்றில் சட்டையில் குத்தும் மைக் இரையும், சண்டையில் பிடுங்கிக்கொள்ளும். மேலே கம்பியில் தொங்கும் மைக் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சு உறை, இதுவே கூத்துக்காரர்களுக்குப் பழக்கமானதும் கூட. அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்பாவது அதே திடலில், அதே நேரத்தில், ராத்திரி 9 மணிக்கு ஒரு முழு ஒத்திகை வையுங்கள். ஒருவர் மட்டும் கடைசி வரிசை வரும் இடத்தில் போய் நின்றுகொண்டு, எந்தெந்த வரி கேட்கவில்லை, எந்தக் கை தெரியவில்லை என்று பிரதியில் குறிக்கட்டும். அந்தக் குறிப்புகளை வைத்து மறுநாள் காலையில் மறுபடி வெட்டுங்கள்.